அரசனும் கைவிட்ட ராஜபக்தர்

பிரான்ஸ் தேசத்தில் குடியரசு வேரூன்றி ஒரு தலைமுறை கழிந்த பின்னர், கவிழ்ந்துபோன சிம்மாசனத்தை மறுபடியும் நிமிர்த்தியே தீருவேன் என்று சங்கற்பம் செய்துகொண்டு, ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் பேனாவைக் கீழே வைக்காமல் எழுதித் தீர்த்த ஷார்ல் மொராஸ் என்னும் பத்திரிகாசிரியரைப் பற்றித் திருக்கோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாய் ஊரை முன்னிட்டு ஒருவன் எழுதப் புகுவது வாசகர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அவர் பெயரைக் கேட்டிராதவர்களே நம்மில் அநேகர். ஆயினும், பழைய கல்லையும் பழைய மகுடத்தையும் எடுத்துக் காட்டி, அயல்வீட்டுக்காரனைப் பார்த்து ‘நீ இந்த மண்ணுக்கு உரியவன் அல்லன்’ என்று சொல்லும் வித்தைக்கு நவீன காலத்தில் தர்க்க ரீதியான இலக்கணம் வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர்; அந்த வித்தையின் பிரயோகத்தைக் கண்ணெதிரே கண்டு வரும் ஊர்களில் திரியாயும் ஒன்று.

மொராஸ் 1868ஆம் வருஷம் ஏப்ரல் 20ஆம் திகதி, தென்பிரான்சில் புரோவான்ஸ் பிராந்தியத்தைச் சேர்ந்த மார்த்தீக் என்னும் மீன்பிடித் துறையில் பிறந்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரிய களப்பு, இடையே கால்வாய்களும் பாலங்களும் என்று அமைந்த ஊர் அது. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி வழியாக வடக்கு நோக்கிப் பயணம் செய்தவர்களுக்கு அந்த நில அமைப்பை விஸ்தரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. வரி வசூலிக்கும் உத்தியோகத்தராயிருந்த தந்தையார், மகனுக்கு ஏறக்குறைய ஆறு வயதாகும்போது காலமாகிவிட, தாயார் வளர்த்த அந்தப் பையனுக்குக் கடற்படை அதிகாரியாக வேண்டும் என்பதே ஆசை. அத்தகைய ஆசைக்கு முன்னுதாரணம் தேட அவன் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. 1782ஆம் வருஷம் ஓகஸ்ட் மாத முடிவில் நமது திருக்கோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றி, செப்டெம்பர் 3ஆம் திகதி இந்தத் துறைமுகத்துக்கு வெளியே எட்வேர்ட் ஹியூஸின் கப்பற்படையோடு பொருத அட்மிரல் சுப்ரேன் அதே புரோவான்ஸ் மண்ணின் புத்திரர். அவர் பிறந்த சென்கன்னா கிராமம் மார்த்தீக்குக்குச் சமீபத்திலேயே இருக்கிறது. பதினாறாம் லூயி அரசனின் கொடி நமது குடாவில் பறந்தது சொற்ப காலந்தான். சமாதான உடன்படிக்கைக்குப் பின்னர் கோட்டை ஒல்லாந்தரிடம் திரும்பிவிட்டது. மார்த்தீக்கின் பையனுடைய கடற்படைக் கனவும் அற்பாயுசாகவே முடிந்தது: பதினான்காம் வயதில் அவன் செவிப்புலனை இழந்தான். அந்த ஊனத்தையும் பிற்காலத்து அவர் கொள்கைகளையும் முடிச்சுப் போட்டு, பிறர் குரலைக் கேளாத மனிதர் என்று சாதுரியமாக எழுதியவர்கள் உண்டு. அது மலிவான தந்திரம். காது கேளாத எத்தனையோ பேர் அயலாரைப் பகைக்காமல் வாழ்ந்திருக்கிறார்கள். அவருடைய பக்கத்தில் நின்று முழங்கியவர்களுக்கோ காது நன்றாகவே கேட்டது.

1885ஆம் வருஷம் பாரிஸ் நகரம் சேர்ந்த மொராஸ் இலக்கிய விமர்சகராகவே தமது எழுத்து ஜீவியத்தைத் தொடங்கினார். அவருடைய முதல் பற்றுதல் அரசனிடத்தில் அன்று, தமது தாய்மண்ணின் சிறிய மொழியிடத்தில் ஏற்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். பாரிஸின் மத்திய அதிகாரமும் அதன் பள்ளிக்கூடங்களும் புரோவான்ஸ் மொழியை நாட்டுப்புறக் கொச்சை என்று ஒதுக்கி வந்த காலத்தில், அந்த மொழியில் காவியம் செய்து 1904ஆம் வருஷம் நோபல் பரிசு பெற்ற பிரெதெரிக் மிஸ்திராலைக் குருவாக வரித்துக்கொண்ட இளைஞர்களில் மொராஸும் ஒருவர். 1892ஆம் வருஷம் அந்த இளைஞர்கள் வெளியிட்ட பிரகடனம் பிராந்தியங்களுக்குச் சுயாதிகாரம் கோரியது. சமஷ்டி வேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்டது. 1949ஆம் வருஷம் இலங்கையில் சமஷ்டிக் கட்சி பிறந்தபோது மேடைகளில் ஒலித்த நியாயங்களில் சிலவற்றை, அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே இந்த மனிதரும் அவர் தோழர்களும் எழுதியிருந்தார்கள். பெரும்பான்மையின் மத்திய அரசால் மொழி நசுக்கப்படும் வேதனையை உணர்ந்த ஒருவர், அதே மண்ணில் வாழ்ந்த வேறொரு சிறுபான்மையை நசுக்கும் சித்தாந்தத்துக்கு ஆசிரியராகிவிட்டார். பாதிக்கப்பட்டவன் பிறரைப் பாதிக்கமாட்டான் என்று நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதனைவிட அப்பட்டமான சாட்சியத்தை நான் கண்டதில்லை.

அவரை இலக்கியத்திலிருந்து அரசியலுக்கு இழுத்து வந்தது டிரைபஸ் வழக்கு. 1894ஆம் வருஷம் டிசெம்பரில், ஜெர்மனிக்கு இராணுவ இரகசியம் விற்றார் என்ற பொய்க் குற்றத்துக்காக யூதரான கப்டன் டிரைபஸ் தண்டிக்கப்பட்டார். 1898ஆம் வருஷம் ஜனவரி 13ஆம் திகதி எமில் ஸோலா தமது பிரசித்தமான பகிரங்கக் கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். இவ்வளவும் பலர் அறிந்த விருத்தாந்தம். அதே வருஷம் ஓகஸ்ட் மாதத்தில் நடந்ததை அறிந்தவர்கள் குறைவு. டிரைபஸின் குற்றத்துக்கு அசைக்க முடியாத அத்தாட்சி என்று இராணுவம் பொத்திவைத்திருந்த ஒரு கடிதத்தை, அதிகாரி ஒருவர் இரவு நேரத்தில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். கடிதத்தின் தலைப்பும் அடியும் ஒரு தாளைச் சேர்ந்தவை, நடுப்பகுதி வேறொரு தாளைச் சேர்ந்தது. இரண்டிலும் அச்சிட்டிருந்த மெல்லிய கோடுகளின் நிறம் ஒத்துவரவில்லை. ஒட்டுவேலை செய்தவர் உளவுப் பிரிவைச் சேர்ந்த கர்னல் ஆன்ரி. குற்றத்தை ஒப்புக்கொண்டு கைதான அவர், மறுநாள் சிறையில் சவர அலகினால் தமது கழுத்தை அறுத்துக்கொண்டு மாண்டார். வழக்கு அத்துடன் முடிந்தது என்று பிரான்ஸ் முழுவதும் நினைத்திருந்த வேளையில், ஒரு வாரத்துக்குள் மொராஸ் எழுதினார்: கள்ளக் கடிதம் புனைந்தவர் குற்றவாளி அல்லர், தேசத்துக்காகப் பொய்யுரைத்த உத்தமர், அவர் சிந்தியது தியாக இரத்தம். உண்மை எது என்று கேட்பதே தேசத் துரோகம் என்ற அந்த வாதத்தோடுதான் அவருடைய அரசியல் கீர்த்தி ஆரம்பமாகிறது. டிரைபஸ் நிரபராதி என்று 1906ஆம் வருஷம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அவர் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெறவில்லை.

திருக்கோணமலையில் 2006ஆம் வருஷம் ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்து அவர்களே மாண்டார்கள் என்று உத்தியோக பூர்வமான விளக்கம் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் நிருபர் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த புகைப்படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின; அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இந்நகரத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கள்ளக் கடிதத்தைக் கொண்டாடியவருக்கு ஆயுசும் புகழும் கிடைத்ததையும், உண்மைப் படத்தை வெளியிட்டவருக்கு மூன்று வாரங்களே கிடைத்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பத்திரிகைத் தொழிலின் தர்மம் இன்னதென்று பிரசங்கம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

1899ஆம் வருஷம் வோஜ்வா, பியூஜோ என்னும் இருவர் தொடங்கிய ‘அக்ஸியோன் பிரான்ஸேஸ்’ இயக்கம் ஆரம்பத்தில் அரச பக்தி இயக்கமே அன்று. குடியரசுவாதிகளான அந்தத் தோழர்களை ஒவ்வொருவராக வாதித்து வென்று முடியாட்சியின் பக்கம் திருப்பியவர் மொராஸ். அவருக்கு முந்திய ராஜபக்தர்களுக்கு அரசன் என்பவன் பரம்பரைப் பாசம். பிதா பாட்டன் சேவித்த வம்சத்தைத் தாமும் சேவிப்பது. மொராஸுக்கோ அரசன் என்பவன் கேத்திர கணிதத்தின் முடிவு. பாராளுமன்றம் பேச்சுக்காரர்களின் சந்தை. தேர்தல் பணத்தின் விளையாட்டு. ஆகவே வாக்குச் சீட்டுக்கு எட்டாத ஒரு வம்சம் தலைமை தாங்கினாலன்றி தேசம் பிழைக்காது. அந்தத் தலைமை வருவதைத் தடுப்போர் யூதர், புரொட்டஸ்தாந்தர், இரகசியச் சங்கத்தாரான பிரீமேசன்கள், வெளியிலிருந்து வந்து குடியேறியோர் ஆகிய நால்வகையினர் என்று அவர் நிறுவினார். சட்டப் புத்தகத்திலுள்ள தேசம் ஒன்று, மண்ணிலுள்ள மெய்யான தேசம் வேறொன்று என்று பிரித்து, மெய்யான தேசத்தில் யார் சேர்த்தி என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தமது பேனாவுக்கே அவர் வைத்துக்கொண்டார். எந்த ஊரிலும் எந்த மொழியிலும் பெயரை மாற்றிப் பிரயோகிக்கத்தக்க சூத்திரம் அது. பிற்காலத்தில் அவ்வாறே பிரயோகிக்கவும் பட்டது.

1908ஆம் வருஷம் மார்ச் 21ஆம் திகதி அந்த இயக்கத்தின் பத்திரிகை தினசரியாயிற்று. அதில் மொராஸோடு கூட எழுதிய, நாவலாசிரியர் அல்போன்ஸ் தொதேயின் மகன் லெயோன் தொதே வசைபாடுவதில் நிகரற்றவர். மொராஸ் வாதம் செய்வார், தொதே கடிப்பார். பத்திரிகையைத் தெருவில் கூவி விற்ற இளைஞர்கள் ‘அரசனின் பத்திரிகைப் பையன்கள்’ என்ற பெயரில் ஓர் அணியாகத் திரண்டார்கள். ஒரு கையில் பத்திரிகைக் கட்டு, மறுகையில் ஈயம் வார்த்த கைத்தடி. அபிப்பிராயத்தை வாங்க மறுத்தவர்களுக்குத் தடியைக் கொடுத்தார்கள். அதே 1908ஆம் வருஷத்தில்தான், பிரிட்டிஷ் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுச்சேரி சென்ற சுப்பிரமணிய பாரதி, பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று மந்திரங்களைக் கொள்கை வாசகமாகக் கொண்ட ‘இந்தியா’ பத்திரிகையை அங்கிருந்து வெளியிடத் தொடங்கினார். 1881ஆம் வருஷத்தில் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தை இயற்றி அதைக் குடியேற்ற நாடுகளுக்கும் விஸ்தரித்த அதே குடியரசின் மண்ணில் நின்றுகொண்டு ஒருவர் சுதந்திரத்தைப் பாடினார், மற்றவர் அந்தக் குடியரசுக்கே குழி பறித்தார். தன்னைத் தூற்றியவருக்கும் தஞ்சம் அளித்தது என்பதற்காகவே அந்தக் குடியரசின்மேல் எனக்கு மரியாதை உண்டு. காலனிகளில் அது இழைத்த அநீதிகளை நினைக்கும்போது அந்த மரியாதை அளவோடு நின்றுவிடுகிறது என்பதும் மெய்.

அரசர்களின் பெயரால் அந்நியரை வெறுப்பதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், அரசர்கள் ஒருபோதும் அப்படி வாழ்ந்ததில்லை. மொராஸ் போற்றிய பதினான்காம் லூயியின் தாயார் ஸ்பானிய இளவரசி. அவன் மணந்த ராணியும் ஸ்பெயினிலிருந்தே வந்தாள். பதினாறாம் லூயியின் ராணி ஒஸ்திரியாக்காரி. ராஜ குடும்பங்களின் வம்ச விருட்சத்தில் மண்ணின் மைந்தர்களைத் தேடுவோர் ஏமாந்து போவார்கள். நமது தேசத்துக் கதை இன்னும் சுவாரசியமானது. கண்டியின் கடைசி அரச வம்சம் தென்னிந்திய நாயக்கர் வம்சம். அந்த வம்சத்தைச் சேர்ந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான், 1753ஆம் வருஷம் சீயம் தேசத்திலிருந்து பிக்குகள் தருவிக்கப்பட்டு, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதா தீட்சை மறுபடியும் நிலைநாட்டப்பட்டது. 1815ஆம் வருஷம் பிரபுக்களால் காட்டிக்கொடுக்கப்பட்டு முடியிழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832ஆம் வருஷம் வேலூரில் சிறைவாசத்திலேயே மாண்டான். பௌத்த சாசனத்தைக் காப்பாற்றியவர்கள் மதுரைப் பக்கத்து உறவினரோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்பதை, சிங்கக் கொடியை உயர்த்திப் பிடிக்கும் கனவான்கள் கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோலாவது ஒருமுறை படித்துப் பார்க்கலாம். 

சிம்மாசனத்தை அடுத்து மொராஸ் கைப்பற்றிக்கொண்ட ஆயுதம் பலிபீடம். அவர் இளமையிலேயே விசுவாசத்தை இழந்தவர். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகார ஒழுங்கையும், படிநிலையையும், கீழ்ப்படிதலையும் வியந்தார். சுவிசேஷத்தின் கருணையை அவர் விரும்பவில்லை, மேற்றிராணியாரின் செங்கோலை விரும்பினார். பக்தியுள்ள குடும்பங்களும் குருமாரும் அவருடைய பத்திரிகையைக் காலை ஜெபத்துக்கு அடுத்தபடியாக வாசித்தார்கள். கடைசியில் உரோமாபுரிக்கு விழிப்பு வந்தது. 1926ஆம் வருஷம் டிசெம்பர் மாதத்தில் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் அந்தப் பத்திரிகையை விலக்கப்பட்ட நூல்களின் வரிசையில் சேர்த்தார். அதை விடாமல் வாசித்தவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் மறுக்கப்பட்டன. மதத்தை அரசியலுக்கு வேலைக்காரனாக்கியவரை மத அதிகாரமே பகிரங்கமாகத் தள்ளிவைத்த அந்தச் சம்பவம், நான் அறிந்த அளவில், இந்தத் தீவின் எந்தச் சமயத்திலும் இன்னும் நிகழவில்லை. அந்தத் தடையை 1939ஆம் வருஷம் அடுத்த பாப்பரசர் நீக்கினார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்க வேண்டும்.

அடுத்துத் தள்ளிவைத்தவர், வேறு யாருமல்லர், அரசரேதான். 1936ஆம் வருஷம் பெப்ரவரி 13ஆம் திகதி, இயக்கத்தைச் சேர்ந்த சரித்திராசிரியர் பான்வீலின் மரண ஊர்வலத்துக்காகக் கூடியிருந்த கூட்டத்தின் நடுவே, சோஷலிஸ்டுத் தலைவர் லெயோன் ப்ளூம் பயணம் செய்த கார் தற்செயலாக வந்து மாட்டிக்கொண்டது. யூதராகிய அவரைச் சுட்டுக் கொல்லவேண்டும் என்ற பொருளில் மொராஸ் முன்னரே எழுதியிருந்தார். காரின் கண்ணாடி நொறுங்கியது. தலையில் காயமுற்று இரத்தம் வடிந்த ப்ளூமை அருகிலிருந்த கட்டட வேலையாட்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். அவருடைய தொப்பியும் கழுத்துப்பட்டியும் பிற்பாடு இயக்கத்தின் காரியாலயத்தில் பொலிஸாரால் கண்டெடுக்கப்பட்டன. அன்றைக்கே அரசாங்கம் இயக்கத்தைக் கலைத்தது. சில மாதங்களுக்குள் ப்ளூம் பிரதம மந்திரியானார்; கொலைக்குத் தூண்டிய குற்றத்துக்காக மொராஸ் சிறைக்குப் போனார். 1937ஆம் வருஷம், எந்த வம்சத்துக்காக அவர் இத்தனை வருஷம் எழுதினாரோ அந்த வம்சத்தின் உரிமையாளர், இந்த இயக்கத்தோடு தமக்குச் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டார். அரசருக்குத் தெரிந்திருந்தது: இவர்கள் தம்மைச் சிம்மாசனத்தில் இருத்த வரவில்லை, சிம்மாசனத்தைத் தூக்கி யார் தலையிலோ எறிய வந்திருக்கிறார்கள் என்று. மறு வருஷம் பிரெஞ்சு இலக்கிய அக்கடமி அவரை அங்கத்தவராகத் தெரிந்தெடுத்துக் கௌரவித்தது. கற்றோர் சபைகளின் விவேகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

1940ஆம் வருஷம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு அவருடைய சித்தாந்தத்துக்குப் பரீட்சை வந்தது. ஆயுள் முழுவதும் ஜெர்மனியைப் பகைத்தவர் அவர். அந்தப் பகையை இறுதிவரை கைவிடவுமில்லை. ஆயினும் பாராளுமன்றத்தை மூடிவிட்டு மார்ஷல் பெத்தேன் விஷி நகரத்தில் அமைத்த ஆட்சியைத் தெய்வம் தந்த ஆச்சரியம் என்று வர்ணித்தார். யூதர்களை உத்தியோகங்களிலிருந்து வெளியேற்றிய சட்டங்களை ஆதரித்தார். எதிர்ப்பியக்கத்தாரைக் கடுமையாகத் தண்டிக்கும்படி வற்புறுத்தினார். 1944ஆம் வருஷம் பெப்ரவரியில் ஒரு யூத குடும்பத்தைப் பெயர் சொல்லிச் சுட்டி அவர் எழுதிய சில நாட்களுக்குள், அந்தக் குடும்பத்தின் தந்தையை விஷி அரசின் துணைப் படையினர் கொன்றார்கள். நாஜிகளை நான் அழைக்கவில்லை, என் தேசத்தை நேசித்தேன் என்ற அவருடைய வாதத்தில் ஒரு பாதி மெய்தான். அந்த நேசத்தின் மறுபாதி, யாரைப் பிடிக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர்களின் கையில் விலாசத்தைக் கொடுத்தது.

ராஜபக்தி என்பது ஒருவனை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று எண்ணுவது தவறு. வாலிபத்தில் அந்தப் பத்திரிகையைக் கூவி விற்ற நாவலாசிரியர் ஜோர்ஜ் பெர்னானோஸ் கடைசிவரை முடியாட்சிவாதி. ஆனால் ஸ்பெயினின் மஜோர்க்கா தீவில் பிராங்கோவின் ஆட்கள் மதத்தின் பெயரால் செய்த கொலைகளைக் கண்ணால் கண்டபின், அதை ஆதரித்த தம்முடைய பழைய சகாக்களுக்கு எதிராக எழுதிவிட்டு பிரேசிலுக்குப் போனார். கடற்படை அதிகாரி தெத்தியேன் தோர்வ் அரசபக்திக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர். லண்டனில் டி கோலோடு சேர்ந்து, இரகசியமாக பிரான்சுக்குத் திரும்பி, பிடிபட்டு, 1941ஆம் வருஷம் ஓகஸ்ட் 29ஆம் திகதி ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்த்தீக்கின் பையன் கனவு கண்ட சீருடையை அணிந்தவர் அவர். பழமையை நேசிப்பவன் அந்தப் பழமை தன்னிடம் கேட்கும் கடமையைச் செய்கிறானா, அல்லது அதைக் காட்டி அயலானிடம் வாடகை கேட்கிறானா என்பதே வேற்றுமை.

1945ஆம் வருஷம் ஜனவரி 24ஆம் திகதி லியோன் நகரத்தில் விசாரணை ஆரம்பமானது. எழுபத்தாறு வயதான அந்தக் கிழவருக்குக் கேள்விகள் காதில் விழாததால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரோ மணிக்கணக்காகப் பேசினார். ஆயுட்காலச் சிறையும் பிரஜைக்குரிய உரிமைகளின் இழப்பும் தீர்ப்பாக வந்தபோது, இது டிரைபஸின் பழிவாங்கல் என்று கூவினார். டிரைபஸ் இறந்து ஏறக்குறைய பத்து வருஷமாகியிருந்தது. எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்திருந்த டிரைபஸின் பேத்தி மதலேன் லெவி, அந்தத் தீர்ப்புக்கு ஒரு வருஷம் முன்னர் அவுஷ்விட்ஸ் முகாமில் நோயுற்று மாண்டிருந்தாள். இத்தனைக்குப் பிறகும் யார் யாரைப் பழிவாங்கினார் என்பதில் மொராஸுக்குச் சந்தேகமே ஏற்படவில்லை. 1952ஆம் வருஷம் தேக அசௌக்கியத்தை முன்னிட்டு ஜனாதிபதியின் மன்னிப்பைப் பெற்று, அதே வருஷம் நவம்பர் 16ஆம் திகதி, திருச்சபையோடு சமாதானமாகி அவர் இறந்தார். மன்னித்த ஜனாதிபதியும் அவர் வாழ்நாளெல்லாம் நிந்தித்த குடியரசின் ஜனாதிபதியே.

இலங்கையில் மொராஸை வாசித்தவர்கள் சொற்பம். ஆனால் அவருக்கு நான்கு வருஷம் மூத்தவரான அநகாரிக தர்மபாலர், ‘சிங்கள பௌத்தயா’ என்ற பத்திரிகையை 1906ஆம் வருஷம் தொடங்கி, துட்டகைமுனு அரசனின் வீரத்தை இளைஞர்களுக்கு ஆதர்சமாகக் காட்டி, முஸ்லிம் வியாபாரிகளையும் ஏனைய வெளியாரையும் குறித்து எழுதியவற்றைப் படிக்கும்போது, பாரிஸிலும் கொழும்பிலும் ஒரே காற்று வீசியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. தர்மபாலருடைய மத விசுவாசம் மெய்யானது. அந்த வகையில் அவரை மொராஸோடு ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் விசுவாசத்தை விட்டுவிட்டு வெறுப்பை மாத்திரம் சுவீகரித்துக் கொண்டார்கள்.

நமது பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதற்கு மதிப்பிராது. டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பிரஸ்தாபித்தபோது, படிப்பில்லாத ஏழை எளியவர்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கூடாது என்று வாதாடியவர்களின் முன்வரிசையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நின்றார். 1931ஆம் வருஷம் அந்த உரிமை வந்தே தீர்ந்தது. அதனால் யாழ்ப்பாணத்துச் சைவ சமயம் அழிந்துபோய்விடவில்லை. ‘ஆண்ட பரம்பரை’ என்று மேடையில் பேசும்போது, அந்தப் பரம்பரையின் ஆட்சியில் குடிமை செய்தவர்களின் சந்ததியும் அதே கூட்டத்தில் நிலத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது என்பதைப் பேசியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? 1990ஆம் வருஷம் ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது நமது பத்திரிகைகளில் எத்தனை பேனாக்கள் அசைந்தன? மொராஸின் சூத்திரத்தில் பெயரை மாற்றிப் போடும் தேர்ச்சி ஓர் இனத்தாருக்கு மாத்திரம் வாய்த்ததன்று.

இனித் திரியாய்க்கு வருகிறேன். குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையே, வயலையும் கடலையும் பார்த்துக்கொண்டிருக்கும் குன்றைத் தமிழர் கந்தசாமி மலை என்றும், சிங்களர் கிரிகண்டு சாய என்றும் அழைக்கிறார்கள். மேலே வட்டமாக நிற்கும் கற்றூண்கள், நடுவில் தாதுகோபம், வாயிற்படிகளின் இரு மருங்கிலும் காவற்கற்கள். புத்தர் ஞானம் பெற்றதும் அவருக்கு முதன்முதல் உணவளித்து, அவருடைய கேசத்தைப் பிரசாதமாகப் பெற்ற தபசு, பல்லுக என்னும் வணிகர்களின் பெயரோடு அந்தத் தலம் சம்பந்தப்பட்டது. அதே வணிகர்களையும் அதே கேசத்தையும் பர்மாவின் இரங்கூன் பகோடாவும் உரிமை கொண்டாடுகிறது. குன்றின் பாறையில் ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளை ஒட்டிய ஒரு சாசனம் இருக்கிறது. பரணவிதான அவர்கள் படித்து வெளியிட்ட அந்தச் சாசனத்தின் பாஷை சிங்களமும் அன்று, தமிழும் அன்று, சமஸ்கிருதம். எழுத்து தொண்டைமண்டலத்திலிருந்து வந்த பல்லவ கிரந்தம். அதில் போற்றப்படும் அவலோகிதேஸ்வரர், இன்று இந்தத் தீவில் நிலவும் தேரவாதத்துக்கு மாறான மகாயான மரபுக்கு உரியவர். ஸ்தாபித்தவர்களாகக் குறிக்கப்படுவோர் வணிகர் கூட்டத்தார். அதாவது சரக்கோடு துறைக்குத் துறை போனவர்கள். மண்ணின் மைந்தன் யார் என்று அந்தப் பாறையிடம் கேட்டால், கப்பலில் வந்தவன் என்றுதான் பதில் வரும்.

அந்தப் பாறையை முன்னிறுத்தி இன்று நடப்பதோ வேறு. 1985ஆம் வருஷம் திரியாயின் வீடுகள் எரிக்கப்பட்டு ஊர் வெறுமையாயிற்று; ஜனங்கள் நெடுங்காலம் அகதிகளாயிருந்துவிட்டுச் சிறிது சிறிதாகவே திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு அடுத்தபடியாகக் கிடைத்தது காணித் தகராறு: தலைமுறையாக உழுத வயல் விகாரைக்கு உரியதென்றும் தொல்பொருட் பிரதேசமென்றும் உரிமைக் கோரிக்கைகள். 2020ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவராயிருந்தவர் பாதுகாப்புச் செயலாளர். பிக்குமாரும் அதிகாரிகளும் அங்கத்தவர்களாயிருந்தார்கள். முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பழைய தாதுகோபத்தைப் பரிபாலிப்பதற்கு எதற்காகப் பாதுகாப்புச் செயலாளர் என்று கேட்டால், மொராஸ் புன்னகை செய்திருப்பார். பலிபீடத்தின் பக்கத்தில் தடி இருக்க வேண்டும் என்பது அவருக்குப் புதிய விஷயமன்று.

குன்றின்மேல் வழிபட வரும் எளிய சிங்கள யாத்திரிகர்களோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அவர்கள் பூத்தட்டோடு வருகிறார்கள், கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். தொல்பொருட் சின்னங்கள் காக்கப்பட வேண்டும் என்பதிலும் இரண்டு அபிப்பிராயம் இல்லை. தமிழர் தரப்பில் அந்தப் பௌத்தச் சின்னங்களை நம்முடைய சரித்திரத்தின் ஒரு பகுதியாக ஏற்று அக்கறை காட்டாமல் விட்டதும் ஒரு குறையே. கேட்க வேண்டியவை சில காரியங்கள்தாம். பாறைச் சாசனத்தின் முழு வாசகத்தையும், எந்தப் பாஷை, எந்த எழுத்து, எந்த மரபு என்ற விவரத்தோடு, மும்மொழியிலும் குன்றின் அடிவாரத்தில் பலகையில் எழுதி வைக்கட்டும். காப்பிட எல்லை இன்னதென்று அகழ்வாராய்ச்சி அறிக்கையை வெளியிட்ட பின்னரே எல்லைக்கல் நடட்டும். எல்லையைத் தீர்மானிக்கும் குழுவில், அந்த வயல்களில் நெல் விதைக்கும் திரியாய் விவசாயிகளின் பிரதிநிதிகளுக்கு வாக்கோடு கூடிய ஆசனம் கொடுக்கட்டும். அவர்களுடைய உறுதிகளையும் உத்தரவுப் பத்திரங்களையும் நில அளவையாளர் வருமுன் வாங்கிப் பார்க்கட்டும். அடுத்த காலபோகத்துக்கு முன்னர் இவற்றைச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்டச் செயலகத்திலிருந்து ஒரு கடிதமும் தொல்பொருள் திணைக்களத்தின் ஒரு கையொப்பமும் போதும்.